டில்லி மார்கழியும் 18 அங்குலச் சக்கரமும்: ஏழு குளிர்காலத்து அனுபவம்

பெங்களூரிலிருந்து நண்பர் ஒருவர் டில்லிக்கு மாற்றலாகி வருகிறார். வண்டியையும் லாரியில் ஏற்றி அனுப்பப்போகிறாராம். என்னிடம் இருக்கும் அதே போர்ஷே 718 கேமன் ஸ்போர்ட்ஸ் கார்தான், 20 அங்குலச் சக்கரங்களோடு. போன வாரம் போனில் கேட்டார்: "அண்ணா, டில்லிக் குளிருக்கு விண்டர் டயர் போட்டே ஆகணுமா? 20 இன்ச் தாங்குமா, இல்ல 18-க்கு இறங்கிடட்டுமா?" விண்டர் டயர் என்றால் குளிருக்கென்றே செய்த டயர், சம்மர் டயர் என்றால் வெயில் காலத்துக்கானது.

முக்கால் மணி நேரம் பேசினேன். போனை வைத்த பிறகுதான், அவர் கேட்டதற்கு நேரான பதில் சொல்லவே இல்லை என்று தோன்றியது. இந்த விஷயத்தில் என் மனசு ஒரு பக்கமும் கணக்கு இன்னொரு பக்கமும் நிற்கிறது. எழுதினால் தெளியும் என்று எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2 லிட்டர் டர்போ, 300 குதிரைத்திறன், நடுவில் இன்ஜின், பின்சக்கர இயக்கம். 2019 ஜனவரியில் பழைய வண்டியாக வாங்கினேன். விற்றவர் இங்கே வேலைக்கு வந்திருந்த ஐரோப்பியர். ஊர் திரும்பும்போது, வண்டியில் மாட்டியிருந்த 20 அங்குலச் சக்கரங்களோடு, துணி போட்டு மூடி வைத்திருந்த இன்னொரு செட்டையும் தந்துவிட்டுப் போனார். 18 அங்குல அலாய், அதில் விண்டர் டயர். "டில்லியிலும் தேவைப்படும்" என்றார். அப்போது நான் நம்பவில்லை. பனியே விழாத ஊரில் பனி டயர் எதற்கு என்று நினைத்து மாடி அறையில் அடுக்கி வைத்தேன்.

அந்த ஜனவரியிலேயே, வண்டி வந்த முதல் வாரத்தில், எரிச்சல் ஆரம்பமாகிவிட்டது.

எங்கள் வீடு சாகேத்தில், கீழே ஸ்டில்ட் பார்க்கிங். தூண்களுக்கு நடுவிலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்து, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, கேட்டுக்குத் திருப்ப வேண்டும். மார்கழி மாதம். அம்மாவுக்கு மார்கழி முப்பது நாளும் விடியற்காலையில் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போக வேண்டும், அதுவும் கோலம் போட்டுவிட்டு, குளித்துவிட்டு, ஐந்தரைக்குள் கிளம்ப வேண்டும். அன்று காலை 5 டிகிரி இருக்கும். ஸ்டியரிங்கை ஒடித்து ரிவர்ஸில் விட்டதும் முன்பக்கம் தட்... தட்... தட் என்று குதித்தது. ஏதோ கல்லின் மேல் ஏறி இறங்குவது போல. ஸ்டியரிங் வழியாக உள்ளங்கையில் அடி விழுந்தது. இறங்கிப் பார்த்தேன். தரையில் ஒன்றுமில்லை. மறுபடி எடுத்தேன், மறுபடி தட் தட்.

அம்மா சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏண்டா வண்டி நொண்டுது?"

அந்த வார்த்தைதான் இன்றுவரை எங்கள் வீட்டில் அதற்குப் பெயர். நொண்டுவது. வாங்கியவுடனே கோளாறா என்று பயந்து சர்வீஸுக்கு எடுத்துப் போனேன். வண்டியில் கோளாறு ஒன்றுமில்லை, குளிரில் அகலமான சம்மர் டயர் இப்படித்தான் செய்யும் என்றார்கள். மழுப்புகிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் படித்துப் பார்த்ததில் அது உண்மைதான் என்று புரிந்தது. வண்டி வளையும்போது உள்பக்கச் சக்கரம் சிறிய வட்டம் போட வேண்டும், வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது இரண்டு சக்கரமும் தங்கள் தங்கள் வட்டத்துக்குச் சரியான கோணத்தில் நிற்பதில்லை. வேகத்துக்காக வடிவமைத்த வண்டிகளில் இந்த வித்தியாசம் கூடுதலாகவே இருக்கும். அதனால் டயர் உருண்டுகொண்டே பக்கவாட்டிலும் இழுபடுகிறது. ரப்பர் இளக்கமாக இருந்தால் வளைந்துகொடுத்துச் சத்தமில்லாமல் வழுக்கிவிடும். குளிரில் விறைத்த ரப்பர் வளையாது. தரையைப் பிடித்துக்கொண்டு இழுபட்டு, தாங்க முடியாமல் விட்டு, மறுபடி பிடித்துக்கொள்ளும். அந்த விடுதலும் பிடித்தலும்தான் தட் தட். பக்கச்சுவர் குட்டையாகவும் விறைப்பாகவும் இருந்தால் இன்னும் மோசம்.

இதனால் வண்டிக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் தினமும் விடியற்காலை, தெருவே தூங்கும் நேரத்தில், ஆசைப்பட்டு வாங்கிய வண்டி வலியில் முனகுவது போல ஒரு சத்தத்தோடு வாசலைத் தாண்டினால் எனக்குத் தாங்கவில்லை. இதற்கெல்லாமா மனசு கஷ்டப்படும் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குப் பட்டது.

வாசலைத் தாண்டிய பிறகும் முதல் பத்து நிமிடம் வேறு வண்டியை ஓட்டுவது போலத்தான் இருக்கும். பனித்துளியில் தார்ச்சாலை நனைந்திருக்கும். வெளிவட்டச் சாலையில் ஏறும் வளைவில் கொஞ்சம் ஆக்சிலரேட்டரை மிதித்தாலே பின்பக்கம் லேசாக விலகும், டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு மினுக்கும். சம்மர் டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே பிடிமானத்தை இழக்கத் தொடங்கும் என்று டயர் தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்வார்கள். அது கோடு கிழித்த எல்லை இல்லை, படிப்படியாக நடப்பது. டில்லியில் ஜனவரி மாதத்து விடியற்காலைகளின் சராசரியே அந்த 7 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. பாதி நாட்கள் அதற்கும் கீழே. பனி விழாவிட்டால் என்ன, ரப்பருக்குத் தெரிவது குளிர் மட்டும்தானே. ஐரோப்பியர் சொன்னதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

2019 டிசம்பரில் மாடியிலிருந்து அந்த 18 அங்குலச் செட்டை இறக்கினேன்.

மாட்டிய மறுநாள் காலையை மறக்க முடியாது. அதே தூண், அதே கேட், குளிர் இன்னும் கூடுதல். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பின்னால் விட்டேன். தட் வரும் என்று உடம்பு தானாகவே இறுகியிருந்தது. வரவே இல்லை. வண்டி வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு திரும்பியது. கேட்டுக்கு வெளியே போய் நிறுத்திவிட்டு, அம்மாவிடம் ஒரு நிமிஷம் பொறுங்கள் என்று சொல்லி, மறுபடி உள்ளே விட்டு மறுபடி வெளியே எடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. அந்தக் காலை கோயில் படியேறும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை வண்டி வைத்திருப்பவர்கள் புரிந்துகொள்வார்கள்.

விண்டர் டயரில் இரண்டு விஷயம் வேறு. ஒன்று ரப்பர். சிலிக்கா அதிகம் சேர்த்து, குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி செய்திருப்பார்கள். இன்னொன்று பட்டன், அதாவது தரையில் படும் பக்கத்தில் இருக்கும் ரப்பர் கட்டைகள். ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் ஏராளமாக இருக்கும். பனியைக் கவ்வுவது அந்த வெட்டுகள்தான். டில்லிக்கு இந்த இரண்டாவது விஷயம் தேவையே இல்லை. முதல் விஷயம் மட்டும்தான் வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி இதற்கு வருவேன்.

இப்போது அளவு. நண்பரின் கேள்வியில் பாதி இதுதான்.

இந்த வண்டிக்கு 20-ல் முன்பக்கம் 235/35, பின்பக்கம் 265/35. 18-ல் முன்பக்கம் 235/45, பின்பக்கம் 265/45. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது எண் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. அகலம் இரண்டிலும் ஒன்றேதான். மாறுவது பக்கச்சுவரின் உயரம். முன்டயரில் 20-க்கு 82 மில்லிமீட்டர், 18-க்கு 106. பின்டயரில் 93-க்கு எதிராக 119. மொத்த விட்டம் பின்பக்கம் 693.5, 695.7. இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டர் ஏமாறாது. ஆக, 20-லிருந்து 18-க்கு இறங்குவது என்றால் ரிம்முக்கும் குழிக்கும் நடுவில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மேல் கூடுதலாக ரப்பரும் காற்றும் கிடைக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் கட்டைவிரல் அகலத்தின் விலையை நான் கொடுத்திருக்கிறேன். 2019 ஆகஸ்டில், 20 அங்குலத்தோடு, மெஹ்ரோலி–பதர்பூர் சாலையில் மழைத்தண்ணீர் மூடிய ஒரு குழியில் பின்பக்க இடது சக்கரம் இறங்கியது. டயர் பிழைத்தது, ரிம்மின் உள்விளிம்பு வளைந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. 80-க்கு மேல் போனால் இருக்கை அதிரும். பெண்டு எடுத்தார்கள், பேலன்ஸ் செய்தார்கள், ஆனாலும் பழையபடி ஆகவில்லை. கடைசியில் அந்த ஒரு ரிம்மை மாற்றினேன். 18 அங்குலத்தோடு அதே சாலையில் ஐந்து குளிர்காலம் போனேன். ஒரு ரிம்முக்கும் கீறல் இல்லை. இது வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டேன்.

நண்பருக்கு ஒரு எச்சரிக்கை. இந்த வண்டிக்குத் தொடக்கமே 18 என்பதால் எனக்குப் பிரச்சினை இல்லை. பெரிய பிரேக் போட்ட மாடலாக இருந்தால் 18 அங்குல ரிம் பிரேக்கின் காலிப்பரில் இடிக்கும். வாங்கும் முன் வண்டிக் கையேட்டில் அந்த மாடலுக்கு எந்த ரிம் அனுமதி, அகலம் எத்தனை, ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காரும் என்ற அளவு) எத்தனை என்று பார்த்துவிட வேண்டும். கடைக்காரர் "உட்காரும் சார்" என்று சொல்வதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

கடைக்காரர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது குளிர்காலம், டயர் மாற்றும் கடை ஒன்றில் சக்கரத்தை மாட்டக் கொடுத்தேன். விண்டர் டயர்களில் பெரும்பாலானவற்றுக்குத் திசை உண்டு. பட்டன் அம்பு முனை போல இருக்கும், பக்கச்சுவரில் ரொட்டேஷன் என்று எழுதி அம்புக்குறியும் போட்டிருக்கும். இடது சக்கரம் இடதுபக்கம், வலது சக்கரம் வலதுபக்கம்தான் போக வேண்டும். நான் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தேன், அது அழிந்துவிட்டது. முன்னிரண்டையும் மாற்றி மாட்டிவிட்டார்கள். மூன்று நாள் கழித்து, வண்டி கழுவும்போதுதான் அம்பு பின்னோக்கி இருப்பதைப் பார்த்தேன். அந்த மூன்று நாளும் ஈரச்சாலையில், தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய பட்டன் உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இதைவிடக் கோபம் வந்தது கழற்றும்போதுதான். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கியிருந்த போல்ட்டை அவிழ்க்க இரண்டு பேர் ஏறி மிதிக்க வேண்டியிருந்தது. இந்த வண்டியின் போல்ட்டை இறுக்க வேண்டிய அளவு 160 நியூட்டன் மீட்டர்தான். கையேட்டில் இருக்கிறது. கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

அன்றே காஷ்மீரி கேட் போய் அளவு பார்த்து இறுக்கும் நல்ல டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கினேன். அதற்குப் பிறகு இந்த வேலையை யாரிடமும் கொடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அரைநாள். சக்கரத்துக்கு ஐந்து போல்ட், மொத்தம் இருபது. கையால் திருகி உட்காரவைத்து, நட்சத்திர வரிசையில் இறுக்கி, ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு முறை சரிபார்த்துக்கொள்வேன். சக்கரத்தின் உள்பக்கம் பெயின்டால் முஇ, முவ, பிஇ, பிவ என்று எழுதியும் வைத்திருக்கிறேன். இது அழியாது.

எப்போது மாட்டுவது, எப்போது கழற்றுவது? ஜெர்மனியில் 'ஓ முதல் ஓ வரை' என்பார்கள், அதாவது ஒக்டோபர் முதல் ஒஸ்டர்ன் என்னும் ஈஸ்டர் வரை. அங்கே சாலையில் பனியோ உறைநீரோ இருந்தால் விண்டர் டயர் இல்லாமல் ஓட்டுவது சட்டப்படி குற்றம். 2024 அக்டோபரிலிருந்து, மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ இருக்கும் அடையாளம் பொறித்த டயரை மட்டும்தான் விண்டர் டயராக ஏற்கிறார்கள். டில்லிக்கு அந்தக் கணக்கு உதவாது. தீபாவளிக்கு இங்கே பகலில் வியர்க்கும். நான் வைத்துக்கொண்டது நம் காலண்டர்: கார்த்திகை தீபத்துக்கு அடுத்த ஞாயிறு மாட்டுவேன், மாசி பிறந்ததும் கழற்றுவேன். இரண்டு மாதம், கொஞ்சம் கூடுதல். அவ்வளவுதான் டில்லியின் உண்மையான குளிர்.

அந்த இரண்டு மாதத்தில் 2021 ஜனவரி 1 தனியாக நிற்கிறது. சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி. கண்ணுக்கு முன்னால் போனட் முனை தெரியாத மூடுபனி. அம்மா புத்தாண்டுக்குக் கோயில் போயே ஆக வேண்டும் என்றார். இருபது, இருபத்தைந்துக்கு மேல் போகவில்லை. அந்த வேகத்திலும், சிக்னலில் திடீரென்று முன்னால் முளைத்த டெம்போவுக்கு பிரேக் பிடித்தபோது, வண்டி ஒரு முறைகூட வழுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. பழைய சம்மர் டயராக இருந்தால் ஏபிஎஸ் கடகடத்திருக்கும்.

எல்லோரும் கேட்கும் இமாச்சல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 ஜனவரியில் ஒரே ஒரு முறை நார்க்கண்டா போனோம். ஷிம்லாவைத் தாண்டி, குஃப்ரிக்குப் பிறகு, வெயில் படாத வளைவுகளில் தார் மேல் கண்ணாடி போல உறைந்திருக்கும். கண்ணுக்கு வெறும் ஈரம் போலத் தெரியும், அதுதான் ஆபத்து. நடக்கும் வேகத்தில் போனோம், டயர் பிடித்தது. இன்ஜின் பாரம் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதும் ஏற்றத்தில் உதவியது. ஆனால் மறுநாள் காலை நான்கு விரல் பனி விழுந்திருந்தது. டயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தரையை ஒட்டி ஓடும் வண்டி பம்பரால் பனியை வாரிக்கொண்டுதான் போகும். பனி அள்ளும் வண்டி வந்து போகும்வரை விடுதியிலேயே உட்கார்ந்து டீ குடித்தோம். சங்கிலி கட்டுவதென்றால் பின்சக்கரத்தில் மட்டும், அதுவும் கையேடு அனுமதிக்கும் டயர் அளவில் மட்டும்தான். பனி பார்க்கத்தான் ஆசை என்றால் இந்த வண்டியில் போகாதீர்கள். நான் இரண்டாவது தடவை போகவில்லை.

இனி மறுபக்கம். இவ்வளவு புகழ்ந்த டயர் மேல் எனக்கு வந்த கோபத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

டில்லியின் குளிர் விடியற்காலைக் குளிர். காலை 5 டிகிரி இருக்கும் அதே நாளில், மதியம் 20, 22 என்று வெயில் அடிக்கும். பிப்ரவரி தொடங்கினால் 24, 25. அந்த வெயிலில் விண்டர் டயர் வேறு பொருளாகிவிடும். 2021 பிப்ரவரியில் ஆக்ராவிலிருந்து யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்தச் சாலையில் மூடுபனிக் காலத்தில் கார்களின் வேக எல்லையைக் குறைத்துவிடுவார்கள். ஆகவே வேகம் ஒன்றும் இல்லை. லேன் மாற்ற ஸ்டியரிங்கைத் திருப்பினால், கை திரும்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் நடுவில் ஒரு தயக்கம். மெழுகுத்தரையில் பஞ்சுச் செருப்பு போட்டு நடப்பது போல. டோல்கேட்டுக்கு முன் ஒரு வண்டி குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன். நான் எதிர்பார்த்த இடத்தில் வண்டி நிற்கவில்லை, இன்னும் போய்க்கொண்டே இருந்தது. ஒரு முழம் இடைவெளியில் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீடு வந்து சேரும்வரை நான் பேசவில்லை. இப்படி ஒரு வண்டியை வாங்கிவிட்டு, அதன் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் இந்த இளகிய ரப்பரை வைத்திருக்கிறோமே என்று ஆத்திரமாக வந்தது. அந்த வாரமே, மாசி பிறக்கும் முன்பே, கழற்றிவிட்டேன்.

காற்றழுத்தமும் இப்படித்தான். 10 டிகிரி குறைந்தால் டயரில் சுமார் 1.5 பிஎஸ்ஐ இறங்கும். மதிய வெயிலில் பங்க்கில் சரியாக நிரப்பினால், மறுநாள் விடியற்காலை எச்சரிக்கை விளக்கு எரியும். விடியற்காலையில் நிரப்பினால் மதியம் கூடிவிடும், ஆனால் அது பாதகமில்லை. கையேடு சொல்வதே குளிர்ந்த டயரின் அழுத்தம்தான். அதனால் வீட்டிலேயே சின்ன கம்ப்ரஸர் வைத்துக்கொண்டு, கிளம்பும் முன் காலையில்தான் நிரப்புகிறேன். செட்டை மாற்றும்போது டாஷ்போர்டு மெனுவில் சம்மரா விண்டரா, எத்தனை அங்குலம் என்று மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது பழைய அளவை மனதில் வைத்துக்கொண்டு தேவையில்லாமல் பயமுறுத்தும்.

விண்டர் டயர் மாட்டத் தொடங்கிய ஐந்தாவது குளிர்காலத்தில், அதாவது 2024 ஜனவரியில், ஒரு காலை ஸ்டில்ட்டில் ஸ்டியரிங்கை ஒடித்தபோது லேசாக ஒரு தட் கேட்டது. அம்மா என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் கேட்டது. பட்டன் ஆழத்தை அளந்தேன், 5 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. ஆஸ்திரியாவில் விண்டர் டயருக்குச் சட்டம் கேட்பதே 4 மில்லிமீட்டர்தான். பட்டனில் குறையில்லை. பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பார்த்தேன்: 3617. 2017-ஆம் ஆண்டின் 36-வது வாரம். ஆறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாடி அறையில் டில்லியின் ஐந்து கோடைகளைத் தாங்கி, உள்ளேயே இறுகிவிட்டிருக்கிறது. நகத்தால் அழுத்தினால் பழைய இளக்கம் இல்லை. பட்டன் இருந்தது, ரப்பர் போய்விட்டிருந்தது.

புதிது வாங்கலாம் என்றால் எங்கே வாங்குவது? 2020 ஜூனில் டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இறக்குமதிக்கு உரிமம் வேண்டும், அதோடு ஐஎஸ்ஐ முத்திரையும் வேண்டும். நம் ஊரில் கேட்பாரே இல்லாத 265/45 அளவில், விண்டர் ரகத்தில், முத்திரையோடு யார் கொண்டுவருவார்கள்? நான்கு மாதம் விசாரித்தேன். இரண்டு இடத்தில் பழைய இருப்பு இருந்தது, இரண்டும் என்னுடையதைவிட வயதானவை. முத்திரையில்லாமல் கொண்டுவந்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். உயிரைத் தாங்கும் பொருளைப் பின்வாசலில் வாங்கக் கூடாது.

அதனால் 2024 கார்த்திகையில் வேறு ஒன்றைச் செய்து பார்த்தேன். அதே 18 அங்குல ரிம்களில், புதிய சம்மர் டயர். வேகமாக ஓடுவதற்காக என்றே விறைப்பாகச் செய்த ரகம் இல்லை, கொஞ்சம் சாதுவான, ஈரச்சாலைக்குப் பெயர் வாங்கிய ரகம். போன மார்கழி முழுக்க அதில்தான் போனோம்.

நொண்டியது. ஆனால் பாதிதான். பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் இழுபடும்போது ரப்பருக்குப் பதில் பக்கச்சுவரே கொஞ்சம் வளைந்துகொடுக்கிறது. 7, 8 டிகிரிக் காலைகளில் ஒன்றுமே இல்லை. 4 டிகிரிக்கு வந்தால் இரண்டு தட், மூன்று தட். ஸ்டியரிங்கைக் கடைசி முனைவரை ஒடிக்காமல், கால் சுற்று விட்டு, இரண்டு தடவையாகத் திருப்பினால் அதுவும் இல்லை. இந்த ஒரு வித்தையை 2019-லேயே யாராவது சொல்லியிருக்கலாம். மதியத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நான் நினைத்த இடத்தில் நின்றது. குழிகளில் பயமில்லை. சந்தைக்குப் போகும்போதும் யமுனா எக்ஸ்பிரஸ்வேயிலும் விண்டர் டயரைவிட எல்லா விதத்திலும் மேல். காலை முதல் பத்து நிமிடம் மட்டும் பொறுமை வேண்டும்.

20 அங்குலத்தையும் நான் தூக்கிப் போட்டுவிடவில்லை. மாசி முதல் ஆனி வரை அதுதான். குருகிராம்–ஃபரிதாபாத் சாலையில் சித்திரை மாதத்து அதிகாலையில், ஆரவல்லிப் பாறைகளுக்கு நடுவே, அனுமதித்த வேகத்திலேயே போனாலும் அந்த ஸ்டியரிங் பேசுவது போல வேறெதுவும் பேசாது. மழை பிடித்ததும் மறுபடி 18.

கணக்காக வைத்துப் பார்த்தால் பதில் நேரானது. ஒரு நாளில் விண்டர் டயர் உதவுவது ஒரு மணி நேரம், அதுவும் வருஷத்தில் அறுபது நாள். மீதி நேரமெல்லாம் அது சம்மர் டயரைவிடக் கீழே. கிடைப்பதில்லை, சீக்கிரம் கிழடாகிறது, அதன் பட்டன் வெட்டுகளுக்கு இந்த ஊரில் வேலையே இல்லை. நமக்கு வேண்டியது அந்த ரப்பரின் இளக்கம் மட்டும்தான். அதற்காக நான்கு பனி டயர் என்பது, குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும் என்று கிணறு வெட்டுவது மாதிரி. ஆகவே நண்பரே: விண்டர் டயர் வேண்டாம். 18-க்கு இறங்குங்கள், சாதுவான சம்மர் டயர் போடுங்கள், காலையில் காற்று நிரப்புங்கள், போல்ட்டை 160-க்கு இறுக்குங்கள்.

இதை எழுதி முடித்த பிறகும் எனக்கு அந்த 2019 டிசம்பர் காலைதான் ஞாபகம் வருகிறது. ஒரு சத்தமும் இல்லாமல் வண்டி தூணைச் சுற்றி வழுக்கிக்கொண்டு வெளியே வந்த அந்தக் கணம். அப்படி ஒரு சுகத்தை அந்த 20 அங்குலம் எனக்கு ஒரு நாளும் தந்ததில்லை. நாளைக்கே முத்திரையோடு, இந்த வருஷத்துத் தேதியோடு நான்கு விண்டர் டயர் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், மேலே சொன்ன கணக்கை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு நான் வாங்குவேன். மார்கழி முப்பது நாளுக்காக மட்டும்.

நேற்று நண்பர் மறுபடி போன் செய்தார். "அண்ணா, நீங்க 20-லேயே இருந்துக்குங்க, அந்த 18 ரிம் நாலையும் எனக்குக் கொடுத்துடுங்களேன், நல்ல விலை தர்றேன்" என்றார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கார்த்திகை தீபம் வரப்போகிறது. கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.